பூனையும் கோழியும் ஒரே வீட்டில்: சேர்த்து வளர்க்க முழுமையான வழிகாட்டி

கோழி வளர்க்கிற வீட்டுக்கு எலி வந்தே தீரும். கம்பு, சோளம், குருணை, தவிடு என்று நாம் கோழிக்குப் போடுவது எல்லாமே எலிக்கும் பிடித்த தீனி. எலிக்கு மருந்து வைக்கலாம் என்றால், கோழி அதைக் கொத்திவிடும் என்ற பயம். அதனால்தான் கொல்லையில் நாலு கோழி இருக்கும் பெரும்பாலான வீடுகளில் ஒரு பூனையும் இருக்கிறது. எலி குறைகிறது, சாரைப்பாம்பின் நடமாட்டமும் குறைகிறது. அப்புறம் ஒரு நாள் குஞ்சு ஒன்று காணாமல் போகிறது. உடனே பூனையைச் சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விட்டுவிட்டு வரலாமா என்ற பேச்சு வீட்டில் கிளம்புகிறது.

அதற்கு அவசியமே இல்லை. வளர்ந்த கோழியைப் பூனை பெரும்பாலும் தொடாது. குஞ்சைப் பெரும்பாலும் விடாது. இந்த இரண்டையும் அப்படியே ஏற்றுக்கொண்டு, பூனையின் குணத்தை மாற்றப் பார்க்காமல் இடத்தையும் நேரத்தையும் பிரித்து வைத்தால் போதும். இரண்டும் ஒரே வீட்டில் பல வருடம் இருக்கும்.

எடைக் கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். நம் ஊர் வீட்டுப் பூனை மூன்று, நான்கு கிலோ இருக்கும். பெரிய நாட்டு ரகமான பெருவிடைக் கோழி இரண்டு கிலோவைத் தொடும். சண்டைக்கு வளர்க்கும் அசீல் சேவல் பூனையின் எடைக்கே வந்துவிடும். அலகும் கால் முள்ளும் இறக்கை வீச்சும் உள்ள அவ்வளவு பெரிய உயிரோடு மோத எந்தப் பூனையும் யோசிக்கும். ஆனால் அன்று பொரித்த நாட்டுக்கோழிக் குஞ்சு 30 கிராம் சொச்சம்தான். சுண்டெலியைவிடச் சற்றே கனம். எலி ஓடும் உயரத்தில் ஓடுகிறது, எலியைப் போலவே கீச்சென்று கத்துகிறது. அதைப் பார்த்துப் பூனை பாய்வது அதன் கெட்ட புத்தி இல்லை. எந்த வேலைக்காகப் பூனையை வைத்திருக்கிறோமோ, அதே வேலையைத்தான் அது செய்கிறது. சிறுவிடை போன்ற சின்ன ரகக் கோழி வளர்ப்பவர்கள் இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். அந்தப் பெட்டை ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோதான் வரும். பெரிய கடுவன் பூனை துணிந்தால் அதையும் பிடிக்கும்.

எந்தப் பூனை சரிப்படும்

குட்டியாக வந்து கோழிகளைப் பார்த்தே வளர்ந்த பூனைதான் எல்லாவற்றிலும் நல்லது. பூனைக்குட்டி இரண்டு வாரத்திலிருந்து ஏழெட்டு வாரம் வரை எதை அடிக்கடி பார்க்கிறதோ, அதைத் தன் உலகத்தின் சாதாரணப் பொருளாக எடுத்துக்கொள்ளும். கோழி இருக்கிற வீட்டிலேயே பிறந்த குட்டி கிடைத்தால் யோசிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மாதக் குட்டியை வளர்ந்த கோழிகள் இருக்கும் கொல்லையில் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது விட்டால், ஏதாவது ஒரு பெட்டைக்கோழி மூக்கில் ஒரு கொத்து வைக்கும். அந்த ஒரு கொத்து நீங்கள் பத்து முறை அதட்டுவதைவிட நன்றாக வேலை செய்யும். ஆனால் அதைவிடச் சின்னக் குட்டியைக் கோழிகளிடம் தனியே விடாதீர்கள். கோழி கண்ணைப் பார்த்துக் கொத்தும், சண்டைச் சேவலின் முள் குட்டியின் உயிரையே எடுத்துவிடும். ஆபத்து இரண்டு பக்கமும் உண்டு.

வீட்டுக்குள்ளேயே சோறு தின்று வளர்ந்த நடுவயதுப் பூனையைப் பழக்குவதும் கஷ்டமில்லை. தெருவில் வேட்டையாடியே பிழைத்த பூனையைத் தத்தெடுத்தால், அதற்கு நம்பிக்கையின் பேரில் எந்தச் சலுகையும் கொடுக்க முடியாது. அந்த வீட்டில் குஞ்சுகள் எப்போதும் வலைக்குள்தான் இருக்க வேண்டும்.

ஆணோ பெண்ணோ, ஆறு மாதத்தை ஒட்டிக் கருத்தடை செய்துவிடுங்கள். ஊர் சுற்றுவதும் சண்டை போடுவதும் குறையும். வேட்டைக் குணம் இதனால் போய்விடாது. ஆனால் பால் கொடுக்கும் தாய்ப்பூனை குட்டிகளுக்காக இரை தேடி அலைவதுபோல உங்கள் பூனை அலையாது. மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர்ந்து போட வேண்டும்.

கூடு: பணத்தை இங்கே செலவு செய்யுங்கள்

பழக்குவதெல்லாம் பகலுக்கு. ராத்திரிக்குக் கூடு மட்டும்தான் பாதுகாப்பு.

கடையில் கோழிவலை என்று கேட்டால் மெல்லிய அறுகோணக் கம்பி வலையைத் தருவார்கள். அது கோழி வெளியே போகாமல் தடுக்கும், வெளியே இருப்பது உள்ளே கை விடுவதைத் தடுக்காது. ஓர் அங்குலக் கண்ணிக்குள் பூனையின் முன்னங்கால் தாராளமாக நுழையும். உள்ளே கம்பியோரம் ஒண்டித் தூங்கும் குஞ்சை அப்படியே இழுத்துவிடும். தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரம் வரைக்குமாவது அரை அங்குலக் கண்ணியுள்ள வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த கெட்டி வலை) போடுங்கள். அதற்கு மேலே மலிவான வலை போதும். பெருச்சாளியும் கீரியும் தோண்டி வரும் இடமாக இருந்தால் வலையை மண்ணுக்குள் ஓரடி இறக்குங்கள், இல்லையென்றால் கூட்டைச் சுற்றி ஓரடி அகலத்துக்குத் தரையில் படுக்கவைத்து மேலே கல் அடுக்குங்கள்.

மேல்பக்கம் திறந்திருக்கும் அடைப்பு பூனையைப் பொறுத்தவரை அடைப்பே இல்லை. ஐந்தடிச் சுவரை அது நின்ற இடத்திலிருந்து தாவும். தகரமோ வலையோ கண்டிப்பாக மேலே வேண்டும். ஓட்டுக் கொட்டகையாக இருந்தால் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் சந்தைப் பாருங்கள். தலை நுழையும் இடத்தில் பூனையின் உடம்பும் பெரும்பாலும் நுழைந்துவிடும். கதவுக்குக் கயிறு கட்டுவதைவிட நாதாங்கி வைத்த தாழ்ப்பாள் நல்லது.

பஞ்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பகலில் ஆள் இருக்கும்போது குஞ்சுகளைக் கவிழ்த்து வைக்க அதைப்போல வசதியானது வேறில்லை. ஆனால் மூங்கில் இடுக்கு வழியே பூனையின் கை போகும், கனம் இல்லாத கூடையைப் பூனை தள்ளிச் சாய்த்துவிடும். மேலே ஒரு ஹாலோ பிளாக் கல்லை வையுங்கள். ராத்திரிக்குப் பஞ்சாரத்தை நம்பவே வேண்டாம்.

வளர்ந்த கோழிக்குக் கூட்டில் ஆளுக்கு ஒன்றரை, இரண்டு சதுர அடி இருந்தால் இரவைக் கழித்துவிடும். இரண்டடி உயரத்தில் குறுக்குக் கட்டை போட்டால் எல்லாம் அதில் ஏறி உட்காரும்.

அறிமுகம் செய்வது எப்படி

கோழிகள் புதிதாக வந்திருந்தால் முதல் ஒரு வாரம் பூனையைப் பக்கத்தில் விடாதீர்கள். புது இடத்தில் மிரண்டு சிதறி ஓடும் கோழி, ஓட்டத்தைக் காட்டிப் பூனையைத் தூண்டும். கூடு பழகி நிதானமாக மேயத் தொடங்கட்டும். அந்த வாரத்தில் கூட்டில் கிடந்த பழைய கோணியைப் பூனை படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போட்டு வையுங்கள். மோந்து பார்த்துவிட்டுச் சலித்துப்போனால் நல்ல அடையாளம்.

அடுத்து, கோழிகள் வலைக்குள் இருக்க, பூனைக்கு வெளியே சோறு வையுங்கள். முதலில் பத்தடி தள்ளி, பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கிட்டே. வயிறு நிரம்புகிற இடத்தில் கோழியின் சத்தமும் வாசனையும் இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். இங்கே அவசரப்படாதீர்கள். பூனை கோழியைத் திரும்பிப் பார்க்காமல் தின்று முடித்து, நக்கிச் சுத்தம் செய்துகொண்டு அங்கேயே படுக்கிறது என்றால் இந்தக் கட்டம் முடிந்தது. சில பூனைகளுக்கு இது நாலு நாளில் நடக்கும், சிலதுக்கு ஒரு மாதம் ஆகும்.

அதன் பிறகு ஒரே முற்றத்தில் விடலாம். வெயில் ஏறிய நேரம், பூனை சாப்பிட்டுத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது, வளர்ந்த கோழிகளோடு மட்டும். ஹார்னஸ் (பூனையின் உடம்பில் மாட்டும் பிடிவார்) இருந்தால் கட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நீங்களே பூனைக்கும் கோழிக்கும் நடுவில் உட்காருங்கள். கையில் வேறு வேலை வேண்டாம், பூனையின் உடம்பைப் படிப்பதுதான் வேலை. உடம்பைத் தரையோடு தாழ்த்துவது, கண்மணி விரிவது, வால் நுனி மட்டும் துடிப்பது, பின்பக்கத்தை லேசாக ஆட்டுவது எல்லாம் பாய்ச்சலுக்கு முந்தைய அறிகுறிகள். அப்போதே குறுக்கே நின்று பார்வையை மறையுங்கள். ஒரு கயிற்றை ஆட்டி வேறு பக்கம் திருப்புங்கள், அல்லது தூக்கிக்கொண்டு போய்விடுங்கள். பாய்ந்த பிறகு அடிப்பதால் பயன் எதுவும் இல்லை. பூனைக்கு அந்த அடி கோழியோடு சேராது, உங்களோடு சேரும். நீங்கள் இல்லாத நேரமாகப் பார்த்து அதே காரியத்தைச் செய்யும்.

கோழி ஒன்று சிறகை விரித்துக்கொண்டு பூனையை விரட்டினால் தடுக்காதீர்கள். அந்தப் பூனைக்கு இனி அந்தக் கோழி இரையாகத் தெரியாது.

கழுத்தில் மணி கட்டினால் போதுமா என்று பலர் கேட்பார்கள். பறக்கத் தெரிந்த குருவி மணிச் சத்தம் கேட்டுத் தப்பலாம். குஞ்சுக்கு அந்தச் சத்தத்தின் அர்த்தம் தெரியாது. பூனை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய மட்டும் மணி உதவும்.

குஞ்சுக் காலம்

எல்லா இழப்பும் இங்கேதான் நடக்கிறது. அடை வைத்து 21 நாளில் குஞ்சு பொரிக்கும். அந்த நாளிலிருந்து மூன்று மாதம் வரை, உங்கள் பூனை எவ்வளவு நல்ல பூனையாக இருந்தாலும், குஞ்சும் பூனையும் ஆள் இல்லாமல் ஒரே வெளியில் இருக்கக் கூடாது. இதில் விதிவிலக்கு வைக்காதீர்கள்.

பல்பு வைத்து வளர்ப்பவர்களுக்கு: முதல் வாரம் குஞ்சின் உயரத்தில் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி அளவில் குறைத்துக்கொண்டே வரலாம். சித்திரை, வைகாசிப் பகலில் பல்பே தேவைப்படாது. பிரச்சினை மார்கழி, தை மாத ராத்திரியில் வரும். குளிருக்குச் சூடான இடம் தேடும் பூனை நேராகப் பல்பு இருக்கும் பெட்டியின் மேல் வந்து படுக்கும். அட்டைப்பெட்டியை மூடிய துணியோ தளர்வான வலையோ அதன் எடை தாங்காமல் உள்ளே சரியும். அப்போது வேட்டை எண்ணமே இல்லாத பூனைகூடக் குஞ்சுகளுக்கு நடுவே விழுந்துவிடும். பல்பு சாய்ந்து தீப்பிடிக்கவும் வழியுண்டு. மரச்சட்டத்தில் அடித்த அரை அங்குல மெஷ் மூடி போடுங்கள், பல்பைத் தனிச் சங்கிலியில் தொங்கவிடுங்கள், அறைக் கதவைச் சாத்துங்கள்.

தாய்க்கோழியோடு விடுபவர்களுக்கு முதல் இரண்டு வாரம் பயம் குறைவு. சிலிர்த்துக்கொண்டு வரும் நல்ல தாய்க்கோழியைப் பார்த்து நாயே ஒதுங்கும். ஆனால் எல்லாத் தாயும் அப்படி இல்லை. முட்டை நன்றாக இடுகிறது என்பதற்காக மட்டும் ஒரு கோழியை அடைக்கு வைக்காதீர்கள். பருந்து நிழலுக்குக் குரல் கொடுத்து, பூனையைப் பார்த்தால் எதிர்த்து நிற்கும் கோழியை அடையாளம் வைத்து அதற்கே அடை வையுங்கள்.

என் பார்வையில் மிக ஆபத்தான பருவம் மூன்றாவது வாரத்துக்குப் பிறகுதான். குஞ்சுகள் துணிச்சல் வந்து தாயை விட்டுத் தூரப் போய்க் கிளறத் தொடங்கும். இரண்டு மாதத்தை ஒட்டித் தாய் மறுபடி முட்டைக்கு வரும்போது குஞ்சுகளைக் கொத்திப் பிரித்துவிடும். அப்போது காவலுக்குத் தாயும் இல்லை, எதிர்த்து நிற்க உடம்பும் இல்லை. முதல் வாரம் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தவர்கள்கூட இந்தச் சமயத்தில், வளர்ந்துவிட்டதே என்று கவனத்தை விட்டுவிடுகிறார்கள். தாய் பிரித்த குஞ்சுகளை இன்னும் ஒரு மாதம் வலையடைப்புக்குள்ளேயே வைத்துத் தீனி போடுங்கள். முக்கால் கிலோவைத் தாண்டிய பிறகு வெளியே விடலாம்.

நேரமும் முக்கியம். பூனைக்கு வேட்டை வெறி ஏறுவது விடியற்காலையிலும் அந்தி மங்கும்போதும். வெயில் வந்த பிறகு கோழிகளைத் திறந்துவிடுங்கள், மாலை ஐந்து மணிக்குள் குஞ்சுகளை அடைத்துவிடுங்கள். பூனைக்கு மாலைச் சாப்பாட்டை அதற்குச் சற்று முன்னால் கொடுங்கள்.

பூனைக்குக் கோழி உணவாகத் தெரியக் கூடாது

வீட்டில் கோழி அடித்தால் தலையையும் குடலையும் பூனைக்குத் தூக்கிப் போடுவது நம்மிடம் உள்ள பழக்கம். இந்த ஒன்றை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. இறகோடும் சூடான ரத்தத்தோடும் கோழியின் ருசியைக் காட்டிவிட்டு, அப்புறம் அதே இறகைப் பார்த்துச் சும்மா இரு என்றால் பூனை எப்படி இருக்கும்? கோழி அறுக்கும்போது பூனையை அறைக்குள் அடைத்துவிடுங்கள். செத்துப்போன குஞ்சைக் குப்பைமேட்டில் வீசாமல் இரண்டடிக்குக் குறையாமல் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். பூனைக்குக் கோழி கொடுப்பதானால் வேகவைத்து, எலும்பு நீக்கிக் கொடுங்கள்.

இதில் உடல்நலக் காரணமும் உண்டு. பச்சைக் கோழியில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். அதைவிடப் பெரிது பறவைக் காய்ச்சல். போலந்தில் 2023-ல் அந்தக் காய்ச்சலின் எச்5என்1 வைரஸ் தாக்கிப் பல வீட்டுப் பூனைகள் இறந்தன. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளிடமே அது கண்டறியப்பட்டது. கோழிகள் திடீரென்று கூட்டமாகச் செத்தால் முதல் வேலையாகப் பூனையை வீட்டுக்குள் அடையுங்கள், அப்புறம் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்.

பூனை பட்டினி கிடந்தால்தான் எலி பிடிக்கும் என்று நம்புகிறவர்கள் நிறைய. பசித்த பூனை கைக்கு எது சுலபமோ அதைத்தான் பிடிக்கும், எலியைவிடக் குஞ்சு எப்போதும் சுலபம். இரண்டு வேளை வயிறு நிறையப் போடுங்கள். வயிறு நிறைந்த பூனையும் விளையாட்டுக்காகவே எலி பிடிக்கும். வெறும் பால்சோறு போதாது, பூனைக்கு மீனோ இறைச்சியோ கட்டாயம் வேண்டும்.

தட்டைத் திண்ணை மேலோ ஜன்னல் திட்டிலோ வையுங்கள். தரையில் வைத்தால் கோழிகள் கூட்டமாக வந்து காலி செய்துவிடும். கருவாடு கலந்த சோறாக இருந்தால் அந்த உப்பு கோழிக்கு ஆகாது. கோழித்தீவனத்தையும் பூனைக்கு எட்டாமல் மூடி வையுங்கள். சில கறிக்கோழித் தீவனங்களில் ரத்தக்கழிச்சலைத் தடுக்கச் சேர்க்கும் சலினோமைசின் பூனைக்கு நஞ்சு. 1990-களில் நெதர்லாந்தில் அந்த மருந்து தவறிக் கலந்த தீனியைத் தின்ற பூனைகளுக்குக் கால்கள் முடங்கிப்போயின.

மண் குளியல் குழி

கோழி மண்ணில் புரண்டு குளிப்பதற்காக நாம் போடும் மணலும் சாம்பலும் பூனைக்கு அருமையான கழிப்பிடமாகத் தெரியும். கூட்டில் விரித்த தேங்காய் நார்த்தூளும் அப்படியே. பூனை மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் இருக்கலாம். வெளியே வந்து ஒன்று முதல் ஐந்து நாளில் அவை தொற்றும் நிலைக்கு வரும். மண்ணைக் கொத்தும் கோழிக்கு அது போகும், அந்தக் கோழியைச் சரியாக வேகவைக்காமல் தின்றால் நமக்கும் வரும். அதனால் மண் குழியை ராத்திரியில் ஒரு தகரத்தால் மூடுங்கள். பூனைக்கென்று கொல்லையின் இன்னொரு மூலையில் மணல் தொட்டி வைத்து, தினமும் அள்ளிப் புதையுங்கள். கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

மருந்தடிக்கும் நாளில் பூனையை மறக்காதீர்கள்

கோழிப்பேனுக்கும் செள்ளுக்கும் அடிக்கும் பல மருந்துகளில் பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் இவற்றில் ஒன்று இருக்கும். கோழி தாங்கும், நாய்கூடத் தாங்கும். பூனையின் ஈரல் பெர்மெத்ரின் போன்றவற்றை உடைத்து வெளியேற்றத் திணறும். மருந்தடித்த கூட்டில் படுத்து, பிறகு தன் உடம்பை நக்கினாலே நடுக்கம், எச்சில் வடிதல், வலிப்பு என்று போய் உயிரே போகலாம். அடிக்கும் நாளில் பூனையை வீட்டுக்குள் அடையுங்கள், கூடு நன்றாகக் காய்ந்து ஒரு நாள் கழியும் வரை விடாதீர்கள். உடம்பில் பட்டுவிட்டால் பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் வைத்துக் கழுவி, உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். பினாயில் ஊற்றிக் கூடு கழுவுவதும் பூனைக்கு ஆகாது. சுண்ணாம்பு அடித்துக் காயவிடுவது, விறகுச் சாம்பல் கலந்த மண் குளியல் இவையே பேனைப் பெருமளவு அடக்கும்.

எலிமருந்து வேண்டவே வேண்டாம். மருந்து தின்ற எலியைப் பூனையும் தின்னும், கோழியும் கொத்தும்.

குஞ்சு போனது யாரால்?

பழி முதலில் வீட்டுப் பூனை மேல்தான் விழும். கொஞ்சம் தடயம் பாருங்கள். ஒரே ராத்திரியில் பல கோழிகள் கழுத்தில் கடிபட்டுத் தின்னாமல் கிடந்தால் பெரும்பாலும் மரநாய், பகலில் என்றால் கீரி. பட்டப்பகலில் திறந்த வெளியில் ஒற்றைக் குஞ்சு மாயமானால் பருந்தையும் வைரியையும் காகத்தையும் சந்தேகியுங்கள். குஞ்சு பாதி உடம்போடு வளை வாசலில் கிடந்தால் பெருச்சாளி. முட்டை மட்டும் குறைந்தால் சாரையோ கீரியோ. பூனை முட்டைக்கு அவ்வளவாக ஆசைப்படாது. அந்தி நேரத்தில் சத்தமே இல்லாமல் ஒன்று போய், வைக்கோல் போருக்குப் பின்னால் நாலு இறகு கிடந்தால் பூனைதான். அதுவும் உங்கள் பூனையா, தெருக் கடுவனா என்று பார்க்க வேண்டும். தெருப்பூனையைப் பிடித்து வேறு ஊரில் விடுவதால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும். கருத்தடை செய்து அங்கேயே விடுவது நல்லது. கருத்தடை செய்த உங்கள் பூனையும் ஓரளவு மற்றதை அண்டவிடாது.

கோழிக்குப் பூனைக் கடி பட்டால்

காயம் சின்னதாகத் தெரிந்தாலும் நம்பாதீர்கள். பூனைப் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கி, மேலே இறகு மூடிவிடும். பூனை வாயில் இருக்கும் பாஸ்டுரெல்லா கிருமி ரத்தத்தில் கலந்தால் ஓரிரு நாளில் கோழி செத்துவிடும். இறகை ஒதுக்கி உடம்பு முழுக்கத் தடவிப் பாருங்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்துங்கள். உப்பு கலந்த கொதித்து ஆறிய தண்ணீரால் கழுவி, நீர்த்த பொவிடோன் அயோடின் தடவி, இருட்டான சூடான பெட்டியில் தனியாக வையுங்கள். அன்றைக்கே ஆன்டிபயாடிக் ஆரம்பிக்க வேண்டும், அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அரசு கால்நடை மருந்தகம் தூரமாக இருந்தால் 1962 என்ற எண்ணுக்கு அழைத்து நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வருமா என்று கேட்கலாம். கோழியைப் பூனையிடமிருந்து பிடுங்கும்போது அது உங்களைக் கடித்திருந்தால் 15 நிமிடம் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, வெறிநோய்த் தடுப்பூசிக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போய்விடுங்கள்.

காயம் முழுக்க ஆறும் வரை அந்தக் கோழியைக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். சிவப்பு தெரிந்தால் மற்றவை கொத்தியே கொன்றுவிடும். ஆறிய பிறகு ராத்திரி எல்லாம் கட்டையில் ஏறித் தூங்கும் நேரத்தில் கொண்டுபோய் நடுவில் உட்கார வையுங்கள், காலையில் சண்டை குறைவாக இருக்கும்.